43 வயதில் கிரிப்பை மாற்றலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. ஒன்றரை வருடமாக பேட்மிண்டன் ஆடுகிறேன். அதற்கு முன் எந்த விளையாட்டும் பழகியதில்லை. வாரத்தில் நான்கு நாள், காலையில் ஒன்றரை மணி நேரம், நண்பர்களோடு டபுள்ஸ். முதல் ஆறு மாதம் நன்றாக முன்னேறினேன். அப்புறம் அப்படியே நிற்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு ஒரு கோச்சிடம் சேர்ந்தேன். ராக்கெட் பிடிக்கும் முறையே தவறு என்று முதல் நாளே மாற்றச் சொன்னார். அன்றிலிருந்து என் ஆட்டம் முன்பைவிட மோசம். சுலபமான ஷட்டில்கூட நெட்டில் போய் விழுகிறது. பார்ட்னர்கள் முகம் சுளிக்கிறார்கள். வகுப்பில் என்னைத் தவிர எல்லோரும் சிறுவர்கள். 11 வயதுப் பையனிடம் 21-6 என்று தோற்றேன். ‘இந்த வயதில் ரிஃப்ளெக்ஸ் வராது, உடற்பயிற்சிக்கு ஆடினால் போதாதா’ என்கிறார் கணவர். கோச்சை விட்டுவிட்டுப் பழையபடி ஆடலாமா? இன்னும் அதிக நேரம் ஆடினால் சரியாகுமா? காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலும் வலிக்கிறது.

பதில்: கோச்சை விடாதீர்கள். பழைய கிரிப்புக்கும் திரும்பாதீர்கள். நேரத்தைக் கூட்ட வேண்டியதில்லை; இப்போது செலவழிக்கும் ஆறு மணி நேரத்தையே வேறு மாதிரி பங்கிட வேண்டும். ஏன் என்று தெரியாமல் இதைச் செய்தால் இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்துவிடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இருபது வருடத்துக்கு மேலாகப் பயிற்சி கொடுக்கிறேன். சமீப வருடங்களில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதைத் தாண்டியவர்கள். உங்கள் கடிதத்தில் இருக்கும் கவலையை அவர்களிடம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதலில் கிரிப். நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. வாணலியின் காம்பைப் பிடிப்பதுபோல, ராக்கெட்டின் முகம் எதிராளியை நேராகப் பார்க்கும்படி பிடித்திருப்பீர்கள். வயதான பிறகு தொடங்குபவர்கள் அநேகமாக அப்படித்தான் பிடிக்கிறார்கள். ஷட்டில் ராக்கெட்டில் பட்டால் போதும் என்பதுதான் ஆரம்பத்தில் நம் கவலை. முகம் நேராக இருந்தால் படும். உங்கள் முதல் ஆறு மாத முன்னேற்றம் அந்த கிரிப் கொடுத்தது. அதற்குப் பிறகு நீங்கள் நின்ற இடத்திலேயே நின்றதற்கும் அதே கிரிப்தான் காரணம்.

கோர்ட்டின் நீளம் 13.40 மீட்டர். பின்கோட்டிலிருந்து எதிர்ப்பக்கத்துப் பின்கோடு வரை கிளியர் அடிக்க வேண்டுமென்றால், சுமார் ஐந்து கிராம் எடையுள்ள, காற்றில் போன உடனேயே வேகம் இழக்கிற ஒரு பொருளை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும். அந்த வேகத்தைத் தோள்பலம் மட்டும் கொடுத்துவிடாது. பலர் நினைப்பதுபோல மணிக்கட்டைச் சொடுக்குவதும் கொடுக்காது. மேல்கையும் முன்கையும் சேர்ந்து உள்பக்கமாகச் சுழல்வதில்தான் அது பிறக்கிறது. கையிலிருக்கும் தம்ளரை உள்பக்கமாகக் கவிழ்த்துப் பாருங்கள், முன்கை திரும்புகிறதல்லவா, அந்தத் திருப்பம்தான். வாணலி கிரிப்பில் கையை அப்படிச் சுழற்றினால் ராக்கெட்டின் முகம் பக்கவாட்டில் திரும்பி ஷட்டில் எங்கோ போய்விடும். அதனால் உங்கள் கை ஒன்றரை வருடமாக ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது: சுழலாதே, தள்ளு. தள்ளி அடிக்கும் கிளியர் கோர்ட்டின் நடுவில்தான் விழும். அதை எவ்வளவு நேரம் அடித்தாலும் அது நடுவில்தான் விழும்.

கைகுலுக்குவதுபோல ராக்கெட்டைப் பிடிக்கும் புதிய கிரிப், அந்தச் சுழற்சிக்கு வழிவிடுகிறது. ஆனால் உங்கள் கை இன்னும் பழைய மாதிரியே தள்ளுகிறது. சுழற்சி வராமல் புதிய கிரிப்பில் தள்ளினால் ராக்கெட்டின் முகம் சாய்ந்தே இருக்கும். ஷட்டில் ஓரத்தில் சீவிக்கொண்டு நெட்டுக்குப் போகும். நீங்கள் இப்போது இருக்கும் இடம் இதுதான். ஒரு மாற்றத்தின் பாதியில் நிற்கிறீர்கள். பாதியில் நிற்கும்போது பழைய கரையைவிட மோசமாக இருப்பது இயல்பு. பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் என்ற உளவியலாளர்கள் 1967-இல் உடல்திறன் கற்பதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்யும் கட்டம், பிழைகளைத் திருத்தி இணைக்கும் கட்டம், யோசிக்காமலே வரும் கட்டம். பழைய கிரிப்பில் நீங்கள் மூன்றாவது கட்டத்துக்குப் போயிருந்தீர்கள். புதியதில் முதல் கட்டம். இரண்டையும் ஒப்பிட்டு ‘மோசமாகிவிட்டேன்’ என்று முடிவு கட்டுவது சரியல்ல. என் மாணவர்களைப் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், வயது வந்தவர்களுக்கு இந்த மாற்றம் கைக்குள் வர ஆறு மாதம் வரைகூட ஆகும். உங்களுக்கு மூன்று மாதம்தான் ஆகியிருக்கிறது. அதிலும் வாரத்தில் நான்கு நாள் டபுள்ஸில் நின்று, ஆட்டம் சூடாகும்போதெல்லாம் பழைய கிரிப்புக்கு உங்களை அறியாமலே போய்வந்திருப்பீர்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இங்கேதான் வருகிறது. நீங்கள் ஆடுகிறீர்கள், பழகவில்லை. இரண்டும் வேறு.

ஒன்றரை மணி நேர டபுள்ஸில் பின்கோட்டிலிருந்து முழு வீச்சில் எத்தனை கிளியர் அடிக்கிறீர்கள்? நாளைக்கு எண்ணிப் பாருங்கள். நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவாக இருக்கும். ஒருவர் ஷட்டில் போட்டுக் கொடுத்தால் அதே கிளியரைக் கால் மணி நேரத்தில் எண்பது, நூறு முறை அடித்துவிடலாம். எண்ணிக்கையாவது பரவாயில்லை. ஆட்டத்தில் பாயின்ட் வேண்டும், பார்ட்னர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால் வராத அடியைத் தவிர்த்து வருகிற அடியையே அடிக்கிறோம். பேக்ஹேண்ட் வராதவர் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டில் அடிப்பார். வருடக்கணக்கில் ஆடினாலும் பேக்ஹேண்ட் அப்படியே இருக்கும். சுற்றி ஓடுவதில்தான் கெட்டிக்காரர் ஆகியிருப்பார்.

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் 1993-இல் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்து எழுதிய ஆய்வைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். பத்தாயிரம் மணி நேரம் பழகினால் தேர்ந்துவிடலாம் என்ற பேச்சு அதிலிருந்து கிளம்பியதுதான். அந்த எண்ணை எடுத்துக்கொண்ட அளவுக்கு மக்கள் அதன் சாரத்தை எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு வருத்தம். வராத ஒன்றைக் குறிவைத்து, முழுக் கவனத்தோடு செய்து, சரியா தவறா என்று உடனே தெரிந்துகொண்டு, திருத்தி மறுபடி செய்வதுதான் அதன் சாரம். அப்படிப்பட்ட நாற்பது நிமிடம் களைப்பாகவும் இருக்கும், பல நேரம் இன்பமாகவும் இருக்காது. ஆட்டம் இன்பமாக இருக்கிறது. அதனால்தான் நாம் எல்லோரும் பழகுவதை விட்டு ஆடப் போய்விடுகிறோம்.

உங்கள் நான்கு நாளை இப்படி மாற்றுங்கள். ஒரு நாள் கோச். இரண்டு நாள் பழகுவது, ஒவ்வொன்றும் நாற்பதிலிருந்து ஐம்பது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். கவனம் சிதறிய பிறகு அடிப்பதெல்லாம் பிழையைத்தான் பதிய வைக்கும். ஒரே ஒரு நாள் டபுள்ஸ். நண்பர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்: ‘கிரிப் மாற்றிக்கொண்டிருக்கிறேன், கொஞ்ச நாள் தப்பு வரும்.’ சொல்லாதபோதுதான் முகம் சுளிப்பார்கள். அந்த ஒரு நாளும் ஸ்கோரை நோக்கமாக வைக்காதீர்கள். பாயின்ட் முடிந்ததும் கையைப் பாருங்கள், எந்த கிரிப்பில் முடித்தீர்கள்? அது ஒன்றே அன்றைய கணக்கு.

பழகும் நாளில் எதில் தொடங்குவது? ஷார்ட் சர்வீஸில். உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது, ஏனென்றால் யாருடைய உதவியும் வேண்டாம், ஓட வேண்டாம், கோர்ட்டில் உங்கள் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கும் ஒரே அடி இதுதான். 2018-லிருந்து சர்வதேசப் போட்டிகளில், சர்வீஸ் அடிக்கும் கணத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். நெட்டோ நடுவில் 1.524 மீட்டர் உயரம். ஆக ஷட்டில் மேலேறித்தான் நெட்டைத் தாண்ட முடியும். நல்ல சர்வீஸில் ஷட்டில் உச்சத்தை உங்கள் பக்கத்திலேயே தொட்டுவிடும். நெட்டைத் தாண்டும்போது இறங்க ஆரம்பித்திருக்கும். இறங்குகிற ஷட்டிலை எதிராளி மேலிருந்து அறைய முடியாது. உச்சத்தை எதிர்ப்பக்கத்தில் தொட்டால் அவருக்குக் கொண்டாட்டம்.

நெட்டுக்கு ஒரு சாண் மேலே இரண்டு கம்பத்துக்கும் இடையில் ஒரு நூலைக் கட்டுங்கள். எதிர்ப்பக்கம் முன் சர்வீஸ் கோட்டுக்கு அப்பால், நெட்டிலிருந்து சுமார் இரண்டு மீட்டரில், ஒரு துண்டை விரித்து வையுங்கள். பேக்ஹேண்ட் கிரிப், கட்டைவிரல் கைப்பிடியின் அகலமான பக்கத்தில். இருபது சர்வீஸ். நூலுக்கும் நெட்டுக்கும் இடையில் புகுந்து துண்டில் விழுந்தவை எத்தனை என்று நோட்டில் எழுதுங்கள். அப்புறம் இன்னொரு இருபது. முதல் வாரம் மூன்றோ நான்கோ வரும். கவலை வேண்டாம், அந்த எண்தான் இனி உங்கள் கண்ணாடி. நூல் பொய் சொல்லாது, உங்களை மனம் நோகவும் வைக்காது. ஷட்டில் நூலுக்கு மேலே போனால் ஏன் போனது என்று ஒரு நொடி நின்று யோசித்துவிட்டு அடுத்ததை எடுங்கள். விறுவிறுவென்று இருபதையும் அடித்துத் தள்ளினால் அது வெறும் வேலை.

மீதி நேரத்தில் ஷட்டில் இல்லாமல் ஃபுட்வொர்க். நடுவிலிருந்து ஆறு மூலைக்கும் (முன்னால் இரண்டு, பக்கத்தில் இரண்டு, பின்னால் இரண்டு) போய்த் திரும்புவது, ஒவ்வொரு முறையும் சின்ன ஸ்ப்ளிட் ஸ்டெப்போடு, அதாவது கால்களை அகட்டி ஒரு குட்டித் துள்ளலோடு. எதிராளி அடிக்கும் கணத்தில் இரண்டு பாதமும் தரையில் இலேசாக இறங்க வேண்டும். அந்த உந்துதலில்தான் முதல் அடி கிளம்பும். பேட்மிண்டனில் ‘மெதுவாக இருக்கிறேன்’ என்று சொல்பவர்களில் பலர் மெதுவாக ஓடுபவர்கள் அல்லர், தாமதமாகக் கிளம்புபவர்கள். அதற்குப் பிறகு துணைக்கு யாராவது கிடைத்தால் கிளியர்.

ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். ஒரே அடியைத் தொடர்ந்து ஐம்பது முறை அடித்தால் அன்றைக்கு அழகாக வரும். ஆனால் 1979-இல் ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை நினைவில் வைக்க வேண்டியது. மூன்று விதமான கை அசைவுகளை ஒரு குழு ஒன்றன்பின் ஒன்றாக முடித்துப் பழகியது, இன்னொரு குழு கலந்து கலந்து பழகியது. பழகும்போது முதல் குழு மேலாக இருந்தது. சில நாள் கழித்துப் பார்த்தபோது கலந்து பழகியவர்களுக்கே அதிகம் நினைவில் நின்றது. அதனால் கிளியர் ஓரளவு கைக்கு வந்தவுடன், ஒரு கிளியர், ஒரு ட்ராப் (பின்னாலிருந்து நெட்டுக்கு அருகே விழும்படி மெதுவாக அடிப்பது), ஒரு நெட் ஷாட் என்று முறை தெரியாமல் போடச் சொல்லுங்கள். பிழை கூடும். கூடட்டும்.

இனி கோச். கிரிப்பை முதல் நாளே மாற்றியது சரியான முடிவு. ஏன் மாற்றுகிறேன், எவ்வளவு நாள் ஆட்டம் கெடும் என்று சொல்லாமல் விட்டது அவருடைய குறை. சிறுவர்கள் ஏன் என்று கேட்பதில்லை, பார்த்துச் செய்துவிடுகிறார்கள். பெரியவர்களுக்குக் காரணம் தெரிந்தால்தான் உடம்பு ஒத்துழைக்கிறது. நீங்களே கேளுங்கள். ‘இன்றைக்கு நான் திருத்த வேண்டிய ஒரே ஒரு விஷயம் எது?’ என்று வகுப்புக்கு முன் கேளுங்கள். முழங்கையைத் தூக்கு, தோளைத் திருப்பு, இடது கையை நீட்டு, காலைப் பின்னால் வை என்று நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் நிற்காது. இன்னொன்று: கைகால்களைப் பற்றிய கட்டளையைவிட ஷட்டிலைப் பற்றிய கட்டளை உங்களுக்கு அதிகம் உதவும். ‘மணிக்கட்டை இப்படி வை’ என்பதைவிட ‘ஷட்டிலை உன் நெற்றிக்கு முன்னால் சந்தி’ என்பது மேல். கேப்ரியல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல வருடங்களாக இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். கவனம் உடம்பின் மேல் இருப்பதைவிட, அசைவு விளைவிக்கும் பலனின் மேல் இருக்கும்போது அசைவு சீராகிறது. உங்கள் கோச்சின் கட்டளையை நீங்களே மனதுக்குள் அப்படி மாற்றிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை கோர்ட்டின் பின்னாலிருந்து பத்து நிமிடம் மொபைலில் படம் எடுத்து அவரோடு உட்கார்ந்து பாருங்கள். முதல் தடவை பார்க்கக் கஷ்டமாக இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான்.

கேள்வி கேட்டால் எரிந்து விழுகிறார், வகுப்பில் உங்களைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறார், மூன்று மாதமாக ஒரே திருத்தத்தை ஒரே வார்த்தையில் சொல்கிறார் என்றால் அப்போது வேறு கோச்சைத் தேடலாம். கிரிப் மாற்றினார் என்பதற்காக வேண்டாம்.

ரிஃப்ளெக்ஸ் பற்றி உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. வயது ஏற ஏற எதிர்வினை கொஞ்சம் மந்தமாகத்தான் செய்யும். ஆனால் இந்த விளையாட்டை எதிர்வினையை மட்டும் நம்பி யாராலும் ஆட முடியாது. 2023-இல் இந்திய ஆட்டக்காரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஒரு ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. இருபது வயதுக்காரராக இருந்தாலும் அந்த மாதிரி அடியைப் பார்த்த பிறகு கிளம்பி எடுக்க முடியாது. 1987-இல் புரூஸ் அபர்னெதி என்ற ஆய்வாளர் பேட்மிண்டன் ஆட்டக்காரர்களுக்குப் படம் போட்டுக் காட்டி, ஷட்டில் அடிபடுவதற்கு முன்பே நிறுத்தி, எங்கே விழும் என்று கேட்டார். புதியவர்கள் ராக்கெட்டைப் பார்த்து ஊகித்தார்கள். தேர்ந்தவர்கள் அதற்கும் முன்பே, ராக்கெட்டைப் பிடித்த கையின் அசைவிலிருந்தே ஊகித்தார்கள். வேகமான கண் என்று நாம் நினைப்பது உண்மையில் படிக்கத் தெரிந்த கண். படிப்பதற்கு 43 ஒரு வயதே இல்லை. அடுத்த முறை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது ஷட்டிலைப் பின்தொடராதீர்கள். ஒரு ஆட்டக்காரரின் கையையும் தோளையும் மட்டும் பாருங்கள், ட்ராப்பா கிளியரா என்று அவர் அடிப்பதற்கு முன்பே மனதுக்குள் சொல்லுங்கள்.

மூளை இனிமேல் மாறாது என்ற பயமும் வேண்டாம். ஜெர்மனியில் 2004-இல் இளம் வயதினருக்கு மூன்று பந்து எறிந்து பிடிக்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். அசைவைப் பார்க்கும் மூளைப்பகுதியின் அளவு கூடியிருந்தது. 2008-இல் அறுபது வயதை ஒட்டியவர்களிடம் அதையே செய்தார்கள். அவர்களில் பலரால் இளைஞர்கள் அளவுக்குத் தேற முடியவில்லை, ஆனால் மூளையில் மாற்றம் அவர்களுக்கும் வந்தது. இளைஞர்களிடம், பழகுவதை விட்டதும் கூடியது குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சிறுவயதிலிருந்து ஆடியவர்களை நீங்கள் எட்டிவிடுவீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் வயதுக்காரர்களோடு போட்டியில் நிற்கலாம் என்று சொல்வேன். மூத்தோருக்கான உலகப் போட்டியே 2003-லிருந்து நடக்கிறது. 35 வயதில் தொடங்கி ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு.

குதிகால் வலியைக் கடிதத்தின் கடைசி வரியில் வைத்திருந்தீர்கள். நான் அதை முதலில் வைப்பேன். காலையில் முதல் அடியில் குதிகாலின் அடியில் வலித்தால் பாதத்தின் அடியில் இருக்கும் தசைநார்ப் பட்டை அழற்சியாக இருக்கலாம். பின்பக்கம் என்றால் கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாணாக இருக்கலாம். இந்த வாரமே மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ பாருங்கள். தசை சில வாரங்களில் பலம் பெற்றுவிடும். தசைநாணுக்குப் பல மாதங்கள் வேண்டும். அதனால் ‘முடிகிறது’ என்று தோன்றும் அளவும் தாங்கக்கூடிய அளவும் நம் வயதில் ஒன்றல்ல. அக்கிலிஸ் அறுந்துபோவது 30 முதல் 50 வயதுக்குள், பொழுதுபோக்காக ஆடுபவர்களுக்கு அதிகம் நேர்கிறது. பல வருடத்துக்கு முன்பு ஒரு நாள், கோர்ட் நேரம் குறைவாக இருந்ததால் வார்ம் அப் இல்லாமலே ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னேன். நாற்பதைத் தாண்டிய ஒரு மாணவர் பின்னால் காலை வைத்து உந்தியதும், யாரோ உதைத்ததுபோல் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாருமில்லை. ஒன்பது மாதம் அவரால் கோர்ட்டுக்கு வர முடியவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அதன் பிறகு பத்து நிமிட வார்ம் அப் இல்லாமல் யாரையும் ராக்கெட் எடுக்க விட்டதில்லை, நேரம் போதாவிட்டால் ஆட்டத்தைத்தான் குறைப்பேன்.

ஓடுவதற்கான ஷூவில் ஆடுகிறீர்கள் என்றால் அதையும் மாற்றுங்கள். அதன் குதி உயரமும் மென்மையும் நேராக ஓடுவதற்கு ஏற்றவை; பக்கவாட்டில் உந்தும்போது கணுக்கால் பிரளும். தட்டையான, பிடிப்புள்ள பேட்மிண்டன் ஷூ போதும். ராக்கெட்டில் செலவு செய்ய அவசரம் இல்லை. ஸ்ட்ரிங் மட்டும் 20, 22 பவுண்டுக்கு மேல் இறுக்கமாக வேண்டாம்.

அந்த 11 வயதுப் பையனைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் இருபது நிமிடம் உங்களுக்கு ஷட்டில் போட்டுத் தர முடியுமா என்று அவனிடமும் அவன் பெற்றோரிடமும் கேட்டுப் பாருங்கள். ஒரே இடத்தில், ஒரே உயரத்தில் லிஃப்ட் போடுவது (ஷட்டிலைக் கீழிருந்து உயரத் தூக்கி அடிப்பது) அவனுக்கும் நல்ல பயிற்சி, உங்கள் கோச்சும் மறுக்க மாட்டார். உங்கள் கிளியர் எங்கே விழுகிறது என்று அவனையே எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். சர்வீஸ் கணக்கு எழுதும் அதே நோட்டில் அதையும் எழுதி, எட்டு வாரம் கழித்து இரண்டு எண்களையும் எனக்கு அனுப்புங்கள்.